பாக்டீரியாவையும் நோய் எதிர்ப்பு அணுக்களையும் சேர்த்துப் புற்றுநோய்க் கட்டியை எப்படித் தாக்குகிறார்கள்?

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, புற்றணுவைக் கண்டுபிடிக்கும் ‘கொக்கி’ ஒன்றை மரபணு வழியாகப் பொருத்தி, திரும்ப உடலில் ஏற்றுவதுதான் கார்-டி சிகிச்சை. சிங்கப்பூரில் இதற்கு 2021இல் அனுமதி கிடைத்தது, சில ரத்தப் புற்றுநோய்களுக்கு.

குடல், மார்பகக் கட்டிகளில்தான் தகராறு. கட்டியின் மேலுள்ள அடையாளம் பெரும்பாலும் நல்ல அணுக்களிலும் இருக்கும். குறி தப்பினால் நல்ல உறுப்பு அடிபடும். தோ பாயோ புளோக் ஒன்றில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. வீடு தெரியாமல் சுற்றும் விருந்தாளிக்காக ஒரு வாசலில் மட்டும் மாவிலைத் தோரணம் கட்டினால்?

அந்தத் தோரணத்தைக் கட்டுவது பாக்டீரியா. கட்டியின் நடுவே ஆக்ஸிஜன் குறைவு, எதிர்ப்பு அணுக்களும் அதிகம் நுழையாது. அதனால் ஈ.கோலை நிஸ்ஸில் என்ற சாதுவான ‘புரோபயாட்டிக்’ (உடலுக்கு நல்லது செய்யும்) வகை அங்கே தங்கிப் பெருகும். கூட்டம் கூடியதும் தானே வெடித்து, ஒரு செயற்கைப் புரதத்தைக் கட்டியில் ஒட்டவிடும் (மூலம் ஜெல்லிமீனின் பச்சைப் புரதம்!). டி செல் தேடுவது அதை மட்டுமே. இல்லாத அடையாளத்தைத் தேடி அலையாமல் நாமே ஒட்டிவிடுவது கெட்டிக்காரத்தனம்தான். கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2023இல் இதை எலிகளில் காட்டியது.

‘புரோபயாட்டிக்’ என்றதும் ஃபேர்பிரைஸில் வாங்கும் தயிர் பானம் கட்டியைக் கரைக்கும் என்று நினைக்காதீர்கள். இது மரபணு மாற்றிய கிருமி, அந்தப் பாட்டிலில் இருப்பது வேறு.