காட்டுப்பன்றி வேட்டைக்கு வில்: 1,300 டாலர் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் நண்பரின் மாமனாருக்குப் பண்ணை இருக்கிறது. காட்டுப்பன்றிகள் புல்வெளியை உழுது போடுகின்றன என்று, ஆகஸ்டில் ஒரு மாலை வில் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடையில் 1,300 டாலர் வில்லைக் காட்டி, பன்றிக்கு இதுதான் சரிப்படும் என்கிறார்கள். உருமறைப்பு உடை, உடல் வாசனையைப் போக்கும் ஸ்பிரே எல்லாம் சேர்த்தால் 2,000 டாலரைத் தாண்டுகிறது. இவ்வளவு தேவையா? லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: அவ்வளவு தேவையில்லை. சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். காட்டுப்பன்றி டெக்சஸ் மண்ணின் விலங்கு அல்ல. மாநிலத்தின் 254 கவுண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பரவி, விவசாயிகளைப் படாத பாடு படுத்துகிறது. அதனால் இதற்கு சீசனும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி வேட்டையாட லைசென்ஸ் வேண்டாம். அரசு நிலம் என்றால் வேண்டும். மாமனாரின் சம்மதத்தை ஒரு குறுஞ்செய்தியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விசாவுக்கு இன்னொன்றும் முக்கியம். குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். வில் அந்தச் சட்டத்தில் வராது. யாராவது பிரியமாக ரைஃபிளை நீட்டி ‘ஒன்று சுட்டுப் பாரேன்’ என்றாலும் தொடாதீர்கள்.

இனி வில். விலை கூடிய காம்பவுண்ட் வில்லில் (இரு முனைகளிலும் சக்கரம் வைத்த நவீன வில்) எடை குறையும், சத்தம் குறையும், வேகம் கூடும். இதெல்லாம் பொய்யில்லை. ஆனால் தீவனம் போட்ட இடத்துக்கு வரும் பன்றியை நீங்கள் 20 கஜத்துக்குள் எய்யப் போகிறீர்கள். புதிதாகத் தொடங்குபவர் அதற்கு மேல் முயலவே கூடாது. அந்தத் தூரத்துக்கு, சைட் (குறிபார்க்கும் கருவி), அம்புத் தாங்கி, பீப் (நாணில் உள்ள பார்வைத் துளை) எல்லாம் பொருத்தி 400 முதல் 600 டாலருக்குள் வரும் தொகுப்பு வில்லே தாராளம். ரிலீஸும் (நாணைப் பிடித்து விடும் கருவி) அம்புகளும் பெரும்பாலும் அதில் சேராது. அவற்றுக்குப் பணம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையைவிட அளவுதான் பெரிய விஷயம். இரண்டு கைகளையும் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால், நாணை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 68 அங்குலம் என்றால் 27-ஐ ஒட்டி வரும். இழுவிசை 50 முதல் 60 பவுண்டு போதும். கடையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேராகப் பிடித்தபடி மெதுவாக இழுத்துப் பாருங்கள். வில்லை வானத்துக்குத் தூக்கி இழுக்க வேண்டியிருந்தால் அந்த இழுவிசை உங்களுக்கு அதிகம், குறைக்கச் சொல்லுங்கள். மறைவிடத்தில் உட்கார்ந்தபடிதானே எய்யப் போகிறீர்கள்! அம்பு வைக்காமல் நாணை மட்டும் விட்டுவிடாதீர்கள். வில் நொறுங்கலாம், வாரன்டியும் போய்விடும்.

உங்கள் பணத்தை நான் போடச் சொல்வது அம்பிலும் அதன் முனையிலும்தான். வளர்ந்த ஆண் பன்றியின் தோளில், தோலுக்கு அடியில் கெட்டியான குருத்தெலும்பு போன்ற ஒரு கவசம் இருக்கும். எடை குறைந்த அம்பு அங்கே பாதியில் நின்றுவிடும். இழுவிசை பவுண்டுக்கு 7 கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் அளவு) என்ற கணக்கில், 60 பவுண்டு வில்லுக்கு முனையோடு சேர்த்து 420 கிரெய்னுக்குக் குறையாத அம்பை வாங்குங்கள். அம்பின் விறைப்பு உங்கள் வில்லுக்குப் பொருந்த வேண்டும். தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்துக் கடைக்காரரே சொல்வார். முனை, நிலையான பிளேடு உள்ள பிராட்ஹெட்டாக (வேட்டைக்கான வெட்டு முனை) இருக்கட்டும். பட்டதும் விரிகிற வகை, விரிவதிலேயே விசையில் ஒரு பகுதியை இழந்துவிடும். மூன்று முனை கொண்ட நல்ல பாக்கெட் 40 டாலர் வாக்கில் ஆகும். அதைப் பார்த்துச் செய்த நகல்கள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. பிளேடு ஆடும், கூர் நிற்காது. இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எங்கே எய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மானுக்குச் சொல்கிற இடம் பன்றிக்கு ஒத்துவராது. பன்றியின் இதயமும் நுரையீரலும் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி முன்பக்கமாக இருக்கும். உடம்பின் நடுவில் எய்தால் குடலில் பட்டு, அது இருட்டுப் புதருக்குள் ஓடி வதைபட்டுச் சாகும். முன்னங்கால் மடிப்பை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். அது சற்றே உங்களுக்கு முதுகு காட்டித் திரும்பும்வரை காத்திருந்தால், அம்பு கவசத்துக்குப் பின்னால் நுழைந்து முன்னோக்கிப் போகும்.

பயிற்சிக்கு 20 கஜத்தில் ஒரு காகிதத் தட்டைக் குத்தி வையுங்கள். அன்றைக்கு எய்யும் முதல் அம்பு, நாளுக்கு நாள் தவறாமல் தட்டில் விழ வேண்டும். வேட்டை முனையை மாட்டியும் எய்து பாருங்கள், பயிற்சி முனை போகும் இடத்துக்கே அது போகும் என்பது நிச்சயமில்லை. ஆகஸ்டுக்குள் இது கைவரவில்லையா, வில்லை வீட்டில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போங்கள். ஓர் உயிரை அரைகுறையாகக் காயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது.

உருமறைப்பு உடை வேண்டாம், மங்கலான நிறத்தில் மெல்லிய முழுக்கைச் சட்டை போதும். பன்றிக்குப் பார்வை மந்தம், மூக்கு படுகூர்மை. ஆகஸ்ட் புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டே இருக்கும் உடம்பில் எந்த ஸ்பிரே நிற்கும்? காற்றுத் திசை காட்டும் பொடி சில டாலர்தான். அதை ஊதிப் பார்த்து, காற்று பன்றி வரும் பக்கமிருந்து உங்கள் முகத்தில் படும்படி உட்காருங்கள். பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்க வழியில்லை. பகலெல்லாம் சேற்றிலும் நிழலிலும் கிடந்துவிட்டுப் பொழுது சாயும்போதுதான் கிளம்பும். அந்த மாதத்தில் சூரியன் மறையவே ஏறக்குறைய எட்டு மணி ஆகிவிடும், ஆகவே நல்ல தலைவிளக்கு ஒன்று கட்டாயம்.

ஸ்பிரே காசுக்குப் பெரிய ஐஸ் பெட்டியும் ரப்பர் கையுறையும் வாங்குங்கள். அந்த வெக்கையில் கறி சீக்கிரம் கெட்டுவிடும். காட்டுப்பன்றியிடமிருந்து புரூசெல்லா நோய் மனிதருக்குத் தொற்றும், வெறுங்கையால் அறுக்கக் கூடாது. ஃப்ரீசரில் வைத்தால் அந்தக் கிருமி சாகாது. கறியின் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேக வேண்டும்.

கேள்வி: பழைய காம்பவுண்ட் வில் ஒன்று 250 டாலருக்கு வருகிறது. வாங்கலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: நேரில் பார்க்காமல் வேண்டாம். ஒரு பஞ்சு உருண்டையை இரண்டு லிம்புகளின் (வில்லின் வளையும் கைகள்) மேலும் விளிம்பிலும் மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, கைவிட்டுவிடுங்கள். நாண் பிசிறு தட்டியிருந்தால் புது நாணின் விலையைக் கழித்துப் பேசுங்கள். இழுப்பு நீளத்தை உங்கள் அளவுக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். சிலவற்றில் அதற்குத் தனி உதிரிபாகம் வாங்க வேண்டும், பழைய மாடலுக்கு அது கிடைக்காமலும் போகலாம். வாரன்டி பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான்.

கேள்வி: பண்ணை வைத்திருக்கும் நண்பர் யாரும் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும் இடங்களில் என்ன கேட்க வேண்டும்? (ஆஸ்டின் வாசகர்)

பதில்: முதலில், காயம் பட்ட பன்றி கிடைக்காமல் போனால் அதுவும் கணக்கில் சேருமா என்று கேளுங்கள். பல இடங்களில் ரத்தம் சிந்தினாலே முழுக் கட்டணம். பெரிய கொம்புப்பல் ஆண் பன்றிக்குத் தனி விலை உண்டா, கறி வெட்டித் தருவது கட்டணத்தில் சேர்ந்ததா, வேலி அடைத்த நிலமா திறந்த நிலமா, மழை வந்தால் முன்பணம் திரும்புமா, வேறு தேதியா என்பதையெல்லாம் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பணத்தைச் செயலி வழியாக மட்டும் அனுப்பச் சொல்பவரிடம் பதிவு செய்யாதீர்கள்.