கோபம், கூச்சம், தாட்சண்யம்: முதலாளியின் குணம் பற்றி வாசகர் கேள்விகள்

கே: 140 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும். பத்து நிமிடத்தில் ஆறிவிடும், மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு வருஷமாகக் கெட்ட செய்தி எல்லாம் ஷிப்மென்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால்தான் என் காதுக்கு வருகிறது. போன சீசனில் இரண்டு ஆர்டரைக் கப்பலில் அனுப்ப முடியாமல் விமானத்தில் அனுப்பி, லாபம் முழுக்கப் போய்விட்டது. ஆட்கள் சரியில்லையா, நான் சரியில்லையா?
- வாசகர், திருப்பூர்

ப: ஆட்களை மாற்றும் முன் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ஷேடு மாறியிருப்பது, முதல் ரோலை விரித்தபோதே கட்டிங் மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும். உங்களிடம் வந்து சொன்னால் அன்றைக்கே திட்டு நிச்சயம். சொல்லாமல் வெட்டிவிட்டால் செக்கிங்கில் மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். மாட்டினாலும் பழி நாலு பேர் தலையில் பிரிந்து விழும். அவர் இடத்தில் யார் இருந்தாலும் வாயை மூடிக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். உங்களுக்குப் பத்து நிமிடத்தில் ஆறுகிறது. திட்டு வாங்கியவருக்கு ஆறுவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கும் ஆறுவதில்லை.

இருபது மெஷின் இருந்த காலத்தில் இதே குணம் உங்களுக்குக் கைகொடுத்திருக்கும். அப்போது துணியை நீங்களே தொட்டுப் பார்த்தீர்கள். கோபம் வேலையை வேகப்படுத்தியது. இப்போது அடுத்தவர் கண்ணால்தான் கம்பெனியைப் பார்க்கிறீர்கள். அந்தக் கண்களைத்தான் கோபம் மூடிவிடுகிறது.

குணத்தை மாற்றுவது கடினம். அது வெளியே வரும் வழியை மாற்றலாம். கெட்ட செய்தி வந்ததும் மூன்று கேள்விகள் மட்டும், இதே வரிசையில் கேளுங்கள்: இப்போது எந்த நிலையில் இருக்கிறது? எத்தனை பீஸ்? சரிசெய்ய என்ன வேண்டும், எப்போதைக்குள்? ‘யார் செய்தது’ என்ற கேள்வி மறுநாள், கதவைச் சாத்திய அறையில். இந்தக் கேள்வியை முதலில் கேட்டீர்கள் என்றால் மற்ற மூன்றுக்கும் உண்மையான பதில் கிடைக்காது.

தினமும் காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம், நின்றுகொண்டே ஒரு கூட்டம் போடுங்கள். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் என ஒவ்வொருவரும் தங்கள் பிரிவில் சிக்கியிருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ‘ஒன்றுமில்லைங்க’ என்ற பதிலை ஏற்காதீர்கள். அடுத்த மூன்று நாளில் எது சிக்கக்கூடும் என்றாவது சொல்லட்டும். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். முதலாளி முதலில் பேசினால் மற்றவர்கள் ஆமோதிப்பதோடு சரி.

தவறைக் கண்டு 24 மணி நேரத்துக்குள் சொன்னவருக்குத் திட்டும் இல்லை, பிடித்தமும் இல்லை. மறைத்தால்தான் தண்டனை என்று எல்லாரும் அறிய அறிவித்துவிடுங்கள். அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவுக்கு 1987-ல் தலைமை ஏற்ற பால் ஓ’நீல் விபத்துகளில் இதே விதியை வைத்தார். யாருக்காவது காயம் பட்டால், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும். இனி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெக்சிகோ ஆலையில் தொழிலாளர்கள் புகையால் பாதிக்கப்பட்டதை மேலே தெரிவிக்காத மூத்த அதிகாரி ஒருவரை அவர் வேலையிலிருந்தே அனுப்பினார். ஆகவே இதை இளகிய மனதுக்காரர்களின் முறை என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு விஷயங்களுக்குத் தயாராக இருங்கள். முதல் இரண்டு மாதம் புகார்கள் கூடும். ஹார்வர்டு ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக இயங்கும் ஆஸ்பத்திரி வார்டுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே நர்ஸுகள் பயப்படாமல் சொன்னார்கள், அதனால் பதிவு கூடியது. உங்கள் கம்பெனியிலும் எண்ணிக்கை கூடினால், முன்பு மறைந்திருந்தது வெளியே வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாம் வாரத்தில் எப்படியும் ஒருநாள் கத்திவிடுவீர்கள். அன்றே, அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், ‘நான் பேசியது தப்பு’ என்று சொல்லுங்கள். தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னால், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது போய்ச் சேராது.

கே: ஹார்டுவேர் மொத்தக்கடையை மகளிடம் ஒப்படைக்க நினைக்கிறேன். கணக்கில் கெட்டி. ஆனால் அதிகம் பேசமாட்டாள். கடை ஆட்கள் மதிப்பார்களா?
- வாசகர், மதுரை

ப: பேசுகிறவர்தான் தலைவர் என்று நமக்கு ஒரு பழக்கம். திமோத்தி ஜட்ஜும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வெளியிட்ட கணக்கில், கலகலப்பான குணத்துக்கும் ‘தலைவராக அடையாளம் காணப்படுவதற்கும்’ உள்ள தொடர்பு 0.33. அதே குணத்துக்கும் ‘திறமையாக நடத்துவதற்கும்’ உள்ள தொடர்பு 0.24. முழுப் பொருத்தம் என்றால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நாற்காலியை வாங்கித் தருவதில் உதவும் அளவுக்கு, நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்கு உதவுவதில்லை.

ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதும் முக்கியம். ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ, டேவிட் ஹாஃப்மன் மூவரும் 2011-ல் அமெரிக்கப் பீட்சா கடைகளை ஆராய்ந்தார்கள். சொன்னதை மட்டும் செய்யும் ஆட்கள் இருந்த கடைகளில், கலகலப்பான மேலாளரின் கீழ் லாபம் 16 சதவீதம் அதிகம். தாமாகவே யோசனை சொல்லும் ஆட்கள் இருந்த கடைகளிலோ, அப்படிப்பட்ட மேலாளரின் கீழ் லாபம் 14 சதவீதம் குறைவு. எந்த ஆணி எங்கே கிடக்கிறது என்று அறிந்த பழைய ஆட்கள் உங்கள் கடையில் இருந்தால், உங்கள் மகள் பொருத்தமானவரே. புதுப் பையன்கள்தான் அதிகம் என்றால், வாய் உள்ள ஒரு சூப்பர்வைசரை அவருக்குத் துணையாகப் போடுங்கள்.

90 நாளுக்கு ஒரு பிரிவை மட்டும் முழுதாகக் கொடுங்கள், பைப் ஃபிட்டிங்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல், விலை, அந்தப் பிரிவு ஆட்களின் லீவு, எல்லாமே அவர் பொறுப்பு. யாராவது உங்களிடம் வந்து கேட்டால் ‘அவங்களைக் கேளுங்க’ என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாதீர்கள். வீட்டில் பாப்பா என்று கூப்பிட்டாலும் கடையில் கூப்பிடாதீர்கள். அந்த ஒரு சொல்லே அவர் அதிகாரத்தைப் பாதியாக்கிவிடும்.

அவர் பக்கம் கவனிக்க வேண்டியவை இரண்டு. குறைவாகப் பேசுபவரின் மௌனத்தை ஆட்கள் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் காலையில் அன்றைய முக்கிய வேலை என்ன, எந்தச் சரக்கு வருகிறது, நேற்று எது நன்றாக நடந்தது என்று மூன்றே வாக்கியம் சொல்லட்டும். கண்டிக்க வேண்டியதைத் தள்ளிப்போடும் பழக்கமும் இருக்கும். அதற்கு இரண்டு நாள் கெடு வைத்துக்கொள்ளட்டும்.

கே: ஆஃப்செட் பிரஸ்ஸில் ஒவ்வொரு ப்ரூஃபையும் நானே பார்க்கிறேன். காலண்டர் சீசனில் தூக்கமே இல்லை. விட்டால் தப்பு வந்துவிடுமோ என்று பயம்.
- வாசகர், சிவகாசி

ப: பொறுப்புணர்ச்சி நல்ல குணம்தான். ஆனால் நாலு மெஷினும் ஒருவர் கையெழுத்துக்காகக் காத்து நிற்கும்போது, அந்த நல்ல குணமே செலவாகிவிடுகிறது. அடுத்த 30 வேலைகளை ஃபோர்மேன் முதலில் பார்க்கட்டும், பிறகு நீங்கள் பாருங்கள். அவர் விட்டு நீங்கள் பிடித்த தவறுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். கிழமை, விடுமுறை நாள், பெயர், போன் நம்பர், வெட்டு ஓரம் என்று திரும்பத் திரும்ப வருவது ஐந்தாறுதான் இருக்கும். அதையே சரிபார்ப்புப் பட்டியலாக்கி அவர் மேஜையில் ஒட்டுங்கள். முப்பதில் இரண்டுக்கு மேல் தவறவில்லை என்றால் வழக்கமான வேலைகளை விட்டுவிடலாம். புதிய வாடிக்கையாளர், சாமிப் படத்தின் நிறம், திரும்ப அச்சடித்தால் தாங்க முடியாத தொகை, இந்த மூன்றை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பொது மேலாளர் பதவிக்கு ஒருவரைப் பார்த்திருக்கிறோம். பேச்சில் அசத்துகிறார். தன்னம்பிக்கை எது, தற்பெருமை எது என்று எப்படிப் பிரிப்பது?
- வாசகர், சென்னை

ப: நேர்காணல் அறையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் தடயங்களைப் பாருங்கள். அரிஜித் சாட்டர்ஜி, டொனால்ட் ஹாம்ப்ரிக் இருவரும் கணினித் துறையில் 111 தலைமை நிர்வாகிகளை ஆராய்ந்து 2007-ல் எழுதினார்கள். ஆண்டறிக்கையில் தலைவரின் படம் எவ்வளவு பெரிது, பேட்டியில் ‘நான்’ எத்தனை முறை வருகிறது, அடுத்த நிலை அதிகாரியைவிடச் சம்பளம் எத்தனை மடங்கு என்பவற்றையெல்லாம் அளந்தார்கள். தற்பெருமை கூடியவர்கள் பிற நிறுவனங்களை வாங்கிக் குவித்தார்கள். அவர்கள் நடத்திய கம்பெனிகள் ஒரு வருடம் உச்சத்துக்கும் ஒரு வருடம் பள்ளத்துக்குமாக ஊசலாடின. சராசரியில் மற்றவர்களைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை. அந்த ஊசலாட்டத்தைத் தாங்கும் பணம் உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது.

தோற்றுப்போன ஒரு வேலையைச் சொல்லச் சொல்லுங்கள். அதில் அவர் பங்கு என்ன, அதன்பின் எதை மாற்றினார் என்று இரண்டு முறை துருவுங்கள். ‘மார்க்கெட் சரியில்லை, டீம் சரியில்லை’ என்பதிலேயே நின்றால் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றியைச் சொல்லும்போது உடன் வேலை செய்தவர்களின் பெயர் வருகிறதா பாருங்கள். விசாரிக்கும்போது அவருக்கு மேலிருந்தவரை விட்டுவிட்டு, கீழே வேலை செய்த மூன்று பேரிடம் பேசுங்கள். தற்பெருமைக்காரர் மேலே இருப்பவரிடம் இனிமையாகவே இருப்பார்.

அடக்கமாகப் பேசுகிறவர் என்பதற்காகவும் ஏமாந்துவிடாதீர்கள். சத்யம் என்ற ஹைதராபாத் மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் ராமலிங்க ராஜு சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. 2009 ஜனவரி 7 அன்று அவர் எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். உண்மையான லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் இடையே சிறு இடைவெளியாகத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு பெருகியது என்றும் எழுதினார். முதல் குறைவை வாய்விட்டுச் சொல்லாதது இத்தனை கோடியில் போய் முடிந்தது. அதனால் யாரை எடுத்தாலும் சரி, வங்கி இருப்பை அவர் கைக்குப் போகாமல் வங்கியிடமிருந்தே ஆடிட்டர் நேராக உறுதி செய்யட்டும்.

கே: எம்.பி.டி.ஐ. (ஆட்களைக் குண வகைகளாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் கேள்வித்தாள்) மாதிரி குணப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கலாமா?
- வாசகர், கோவை

ப: வேண்டாம். அதை வெளியிடும் நிறுவனமே ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஒரே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு வகையில் விழுவதும் உண்டு.

கே: பெட்ஷீட் நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறேன். முகத்துக்கு நேரே ‘கடன் இல்லை’ என்று சொல்ல வரவில்லை. 60 நாள், 90 நாள் பாக்கி நிற்கிறது.
- வாசகர், சென்னிமலை

ப: மேலே சொன்ன 2002 தொகுப்பில், இணக்கமான குணத்துக்கும் தலைமைக்கும் உள்ள தொடர்பு 0.08 மட்டுமே. நல்லவராக இருப்பது உங்களைக் கெடுக்கவும் இல்லை, தூக்கிவிடவும் இல்லை. உங்களுக்கு வேண்டியது, உங்கள் வாய்க்குப் பதிலாகப் பேசும் ஒரு காகிதம்.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் உடனே செய்யுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தந்த ஆண்டில்தான் வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். 2023–24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பதிவு எண்ணையும் 45 நாள் கெடுவையும் பில்லிலேயே அச்சிடுங்கள். கெடுவைத் தனியாக ஒப்பந்தத்திலும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு வியாபாரிக்கும் உச்ச வரம்பு குறித்து, அதைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். வரம்பு தாண்டினால் லோடு ஏற்றக் கூடாது. உங்கள் போன் உத்தரவுக்கும் அவர் ஏற்றக் கூடாது. மாற்ற வேண்டுமானால் நீங்களே வந்து நோட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டு வருகிறவரிடம் ‘கணக்குப்பிள்ளை கையில இருக்குதுங்க’ என்று சொல்வது, ‘கடன் இல்லை’ என்பதைவிட உங்கள் நாக்குக்கு எளிதாக வரும்.