நியோடிமியத்துக்கு ஏன் கோபால்ட் ஒத்துவருவதில்லை?

கேள்வி: நிலைக்காந்தங்களில் வலுவானது நியோடிமியம்-இரும்பு-போரான் என்கிறார்கள். அப்படியானால் சமாரியம்-கோபால்ட் காந்தத்தில் சமாரியத்துக்குப் பதில் நியோடிமியத்தைப் போட்டால் இன்னும் வலுவாக வரவேண்டுமே?

பதில்: வராது. நியோடிமியத்தின் காந்தத் திருப்புத்திறன், அதாவது ஓர் அணுவின் காந்த வலு, சமாரியத்தைவிடப் பெரிது என்பது உண்மை. ஆனால் நிலைக்காந்தத்துக்கு ஒரே திசையில் நிற்கும் பிடிவாதமும் வேண்டும். அது 4எஃப் எலக்ட்ரான் மேகத்தின், அதாவது இந்தத் தனிமங்களுக்குக் காந்தத்தன்மை தரும் உள் எலக்ட்ரான்களின், வடிவத்திலிருந்து வருகிறது. சமாரியத்தில் மேகம் காந்தத் திசையில் நீண்டிருக்கும். நியோடிமியத்தில் அமுக்கிய பந்து மாதிரி தட்டையாக இருக்கும். சுற்றியுள்ள அணுக்கள் உண்டாக்கும் படிகப்புலம் இந்த மேகத்தைத் தனக்குத் தோதான பக்கம் திருப்பும். காந்தமும் கூடவே திரும்பியாக வேண்டும்.

ஒரு சமாரியத்துக்கு 5 கோபால்ட் உள்ள அறுகோணப் படிகத்தில் நீண்ட மேகம் படிகத்தின் முக்கிய அச்சோடு நிற்கும். கோபால்ட்டும் அச்சையே விரும்பும். அங்கே நியோடிமியம் வந்தால் காந்தத்தை அச்சிலிருந்து தள்ளப் பார்க்கும். அறை வெப்பநிலையில் கோபால்ட் ஒருவழியாகச் சமாளிக்கிறது. குளிர்வித்தால் காந்தம் சாய்ந்து, கடைசியில் அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் படுத்துவிடும். இரும்பு-போரான் படிகத்தில் படிகப்புலத்தின் குறி நேர்மாறு. அங்கே நியோடிமியம் அச்சில் நிற்கும், சமாரியம் போட்டால் தளத்தில் விழும்.

இதை ஆய்வகத்தில் சுலபமாகப் பார்க்கலாம். சேர்மத்தின் தூளைப் பசையில் குழைத்து, காந்தப்புலத்தில் வைத்து இறுக விடுவோம். அப்புறம் புலத்துக்குச் செங்குத்தான முகத்தில் எக்ஸ் கதிர் படம். அச்சை விரும்பும் சேர்மம் என்றால் அச்சுக்குக் குறுக்கே அடுக்கிய அணு அடுக்குகளின் கோடுகள் மட்டும் ஓங்கி நிற்கும்; தளத்தை விரும்புவது என்றால் அந்தக் கோடுகளே காணாமல் போகும். பெரிய கருவிகள் தரும் வரைபடங்களைவிட எனக்கு இந்தப் படம்தான் பிடிக்கும்.

நியோடிமியம்-இரும்பு-போரானும் முழுக்க யோக்கியமில்லை. 135 கெல்வினுக்குக் கீழே அதன் காந்தத் திசையும் அச்சை விட்டுச் சாயத் தொடங்கி, ஏறக்குறைய 30 பாகை வரை போகிறது.

கேள்வி: வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்துப் படிகப்புலத்தை வெல்ல முடியுமா?

பதில்: சில சேர்மங்களில் முடியும். அணுக்களின் திருப்புத்திறனை அளக்கும் அலகு போர் மேக்னட்டான். ஒரு போர் மேக்னட்டான் திருப்புத்திறனுக்கு 1 டெஸ்லா புலம் தரும் ஆற்றல், வெப்பநிலைக் கணக்கில் சொன்னால், வெறும் 0.67 கெல்வின். ஆனால் ஹோல்மியம் என்ற அருமண் தனிமத்துக்கு அப்படி 10 மேக்னட்டான். 10 டெஸ்லா கொடுத்தால் 67 கெல்வின் ஆகிவிடும். படிகப்புலம் பிரித்துவைக்கும் ஆற்றல் மட்டங்களின் இடைவெளியும் பல சேர்மங்களில் இதே அளவில்தான். அதனால் மட்டங்கள் ஒன்றையொன்று தாண்டும், காந்தமாக்கம் திடீரென்று எகிறும். சமாரியம்-கோபால்ட்டிடம் மட்டும் இது பலிக்காது. அதன் காந்தத்தை அச்சிலிருந்து முழுதாகத் திருப்ப 20 டெஸ்லாவுக்கும் மேல் வேண்டும்.

இன்னொரு அருமண் தனிமமான காடோலினியத்திடம் படிகப்புலத்துக்குப் பெரிதாக வேலையில்லை. அதன் மேகம் சரியான உருண்டை!