எங்கள் வார்டு பூங்காவைச் சீரமைக்க நிதி வரப்போகிறது. என்ன கேட்கலாம், பிறகு பாழாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். குடியிருப்பது அழகாபுரம் பக்கம். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். அதில் பாதிக் காலம், 20 சென்ட் பூங்கா ஒன்றோடு மல்லுக்கட்டியதில் கழிந்தது. ஆகவே இதைத் தோட்டக்கலை படித்தவரின் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சங்கிலியும் போல்ட் நட்டும் விற்கிற ஒருவன், தன் கடைச் சரக்கு வெயிலிலும் மழையிலும் என்ன பாடு படுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிற பதில் இது.

“என்ன வேண்டும், எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டால் நம் வாயில் முதலில் வருவது பொருள்களின் பெயர்தான். நீரூற்று, உடற்பயிற்சிக் கருவி, கொரியன் புல், எட்டு வடிவ நடைபாதை, சிமெண்ட் யானை. நாங்களும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம், மொத்தம் பதினான்கு. பெரும்பாலானவை வந்தும் சேர்ந்தன. இரண்டாவது கோடை முடிவதற்குள் உருப்படியாக மிஞ்சியவை நடைபாதையும் சுற்றுச்சுவரும். வேப்பமரத்தையும் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் அது எங்களுக்கு முன்பே அங்கே இருந்தது. பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே “தண்ணீர் எங்கிருந்து, தினமும் பார்ப்பவர் யார், கெட்டுப்போனால் செலவு யாருடையது” என்று மூன்று கேள்வியை எழுதி வைத்திருந்தால் பத்துப் பொருளை நாங்களே அடித்திருப்போம். நீங்கள் எழுதப் போகும் பட்டியலில் அதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

தண்ணீரில் தொடங்குகிறேன். 1 சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் புல்தரைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வேண்டும். பூங்காவில் பாதி, அதாவது 10 சென்ட் புல் என்றால் சுமார் 405 சதுர மீட்டர். நாளொன்றுக்கு 2000 லிட்டர். மாதத்துக்கு 60,000 லிட்டர், 6000 லிட்டர் லாரியில் பத்து நடை. புல் காய்ந்து தென்னந்துடைப்பம் நிறத்துக்கு வந்த பிறகுதான் இந்தக் கணக்கை நான் போட்டேன். மேட்டூர்க் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கிற தெருவில், புல்லுக்கு லாரி வரவழைத்தால் யார் சும்மா இருப்பார்கள்? ஆழ்துளைக் கிணறு இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் அடியில் கல். கோடையில் மோட்டார் பத்து நிமிடம் தண்ணீர் கொடுக்கும், பிறகு வெறும் காற்றை இழுக்கும். அந்த நேரத்தில் சுவிட்சை அணைக்கப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் காயில் கருகும். எங்களுடையது இரண்டு முறை கருகியது.

இந்தப் புல் ஆசை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நடக்கும். மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த கையோடு சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்தோம். ஏற்காடு ஏறக்குறைய 5000 அடி உயரத்தில் இருக்கிறது. சேலம் 1000 அடிக்கும் கீழே. அங்கே பூக்கிற டேலியாவைக் கீழே சேலத்து அஸ்தம்பட்டியில் கேட்பது மாமியார் வீட்டுச் சீரைப் பக்கத்து வீட்டில் கேட்பது மாதிரி. யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு செய்தது இதுதான். புல்லை வாசல் அருகே 2 சென்ட்டுக்குச் சுருக்கினோம். பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடி மழைநீர் குழாய் வழியாகச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. உரிமையாளரிடம் பேசி, எழுத்தில் சம்மதம் வாங்கி, அதைப் பூங்காவுக்குள் ஒரு கருங்கல் ஜல்லிக் குழிக்குத் திருப்பினோம். மேலே சொன்ன அதே கணக்குதான். 300 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6000 லிட்டர், ஒரு லாரித் தண்ணீர். நடைபாதையின் சரிவும் தெருவைப் பார்த்து இருந்தது. கல் பதிக்கிற அன்று பக்கத்தில் நின்று, சரிவை உள்பக்கம் வைக்கச் சொல்லியிருந்தால் ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. பதித்த பிறகு மாற்ற முடியவில்லை. உங்கள் பூங்காவில் இதை மறக்காதீர்கள்.

அடுத்து மரம். புங்கன், வேம்பு, மகிழம், நாவல், பூவரசு என்று நம் மண் அறிந்ததை நடுங்கள். சீக்கிரம் பச்சைச் சுவர் கிடைக்கும் என்று யாராவது கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரக்கன்றைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். தமிழ்நாடு அரசே அதை நடக் கூடாது என்று சொல்லிவிட்டது. நடுகிற நாளையும் பாருங்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்று புகைப்படத்துக்காக நட்டால், அடுத்த வாரத்து வெயிலில் பாதி போய்விடும். குழியை முன்கூட்டியே எடுத்துத் தொழுவுரம் போட்டு ஆறவிட்டு, ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ நட்டால் ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் குடத்தில் ஊற்ற வேண்டும். யார் எந்த மரத்துக்கு என்று பெயர் எழுதி வைத்தோம். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களைவிட ஒழுங்காக ஊற்றினார்கள்.

இப்போது என் சொந்தத் துறைக்கு வருகிறேன்: ஊஞ்சல்.

ஊஞ்சலில் சங்கிலி அவ்வளவு எளிதில் அறுவதில்லை. மேலே குழாயில் மாட்டியிருக்கும் கொக்கிதான் தேயும். இரும்போடு இரும்பு உரசி, கொக்கியின் உள்வளைவில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழும். 10 மில்லிமீட்டர் கம்பி 6 மில்லிமீட்டர் ஆகும்வரை கீழே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. பிள்ளை ஆடும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் கேட்கும், “எண்ணெய் விட வேண்டும்” என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். பள்ளத்தில் விரலை வைத்தால் நகம் முழுக்க உள்ளே போய் உட்கார்ந்தது. அன்றே இரண்டு ஊஞ்சலையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கொக்கி மாற்றி மாட்டும்வரை நான்கு நாள் தெருப் பிள்ளைகள் என்னைக் கம்சனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

ஆகவே கேட்கும்போது வெறும் “ஊஞ்சல்” என்று எழுதாமல், “மேலே பேரிங் வைத்து மாட்டிய ஊஞ்சல்” என்று எழுதுங்கள். விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே சிமெண்ட் கல் பதிக்கவே விடாதீர்கள். ஓர் அடி ஆழத்துக்கு மணல் வேண்டும், அதை மாதம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். பிள்ளைகளின் கால் படுகிற இடத்தில் மணல் ஒதுங்கி, கீழே தரை கல் மாதிரி இறுகியிருக்கும். விழுவதும் சரியாக அந்த இடத்தில்தான். நாய் வந்து படுக்கும் என்பார்கள். உண்மைதான், படுக்கும். வாசலில் சுழலும் கேட் போட்டோம், பாதி குறைந்தது.

திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளைப் பற்றி ஒரே வரி: உள்ளே இருக்கும் பேரிங்குக்குள் மழைநீர் போகாமல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கருவியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெயின்ட் விஷயத்திலும் ஏமாந்தோம். எங்களுக்கு வேலை செய்த ஒப்பந்ததாரர் பழைய வேலிக் கம்பியின் துருவைச் சுரண்டவில்லை, துருப் பிடிக்காமலிருக்க முதலில் பூசும் ரெட் ஆக்சைடு அடிக்கவில்லை, நேரே பளபளவென்று எனாமல் அடித்துவிட்டுப் போய்விட்டார். திறப்பு விழா அன்று பார்க்க நன்றாக இருந்தது. முதல் மழைக்கு அப்பளம் போல உப்பி உரிந்தது. ஒப்பந்தத்தில் குறைபாட்டுக்கு அவர் எத்தனை மாதம் பொறுப்பு என்று ஒரு பிரிவு இருக்கும் என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. அந்தக் காலம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வேலை தொடங்கும் முன்பே அந்தத் தாளின் நகலை வாங்கி, கடைசி நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். வாங்க வேறு வழி இல்லையென்றால் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

நீரூற்று அமைப்பதற்கு முன் ஒன்று நினைத்துப் பாருங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் போதும். மோட்டார் நின்றுபோன நீரூற்றுத் தொட்டி அதற்கென்றே கட்டிக் கொடுத்த வீடு. எங்களுடையதை உடைக்க மனமில்லாமல் மண் கொட்டி நந்தியாவட்டை நட்டோம். இப்போது பூங்காவிலேயே அதுதான் அழகான இடம், அது வேறு விஷயம்.

மேலே சொன்னதெல்லாம் எங்களுக்கு உறைத்தது, நான் நான்கு நாள் வெவ்வேறு நேரத்தில் போய் அந்தச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான். காலை ஆறுக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் வருவார்கள், சங்கக் கூட்டத்துக்கு வந்து யோசனை சொல்பவர்களும் அவர்களே. அதனால் திட்டம் முழுக்க அவர்களுக்கான நடைபாதையாக இருந்தது. பதினொரு மணிக்குப் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். பேரப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக வந்த பாட்டிகள் இரண்டு பேர் பூட்டிய கேட்டுக்கு வெளியே, கல்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஆறரைக்கு மேல் பெண்கள் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. ஏன் என்று மேலே பார்த்தால் தெரிந்தது. விளக்குக் கம்பம் வேப்பங்கிளைக்கு மேலே நின்றது. வெளிச்சம் முழுக்க மேல் இலைகளுக்கு, கீழே இருட்டு. புது விளக்கு கேட்டு மனு எழுத உட்கார்ந்த நாங்கள், இருந்த விளக்கைப் பத்தடி கீழே இறக்கச் சொல்லி எழுதினோம். ஒரே நாள் வேலை.

அந்த நான்கு நாளில் நான் பேசியவர்களில் உருப்படியான யோசனை சொன்னவர் தண்ணீர் ஊற்ற வரும் அம்மாதான். திட்டம் போட்ட ஒரு கூட்டத்துக்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. “தம்பி, குழாய் அந்த மூலையில் இருக்கிறது. கொடுத்திருப்பது ஐம்பது அடி ஓஸ். இந்தச் செடிக்கெல்லாம் நான் குடத்தில்தான் சுமக்கிறேன்” என்றார். 20 சென்ட் இடத்தில் மூலைக்கு மூலை நூறு அடிக்கு மேல் வரும். லட்சக்கணக்கில் செலவழித்த பூங்காவில் தெற்கு ஓரச் செடிகள் ஏன் எப்போதும் வாடிக் கிடந்தன என்பதற்குப் பதில் என் கடையில் சுருட்டி வைத்திருந்தது. நூறு அடி ஓஸை அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் துடைப்பத்தையும் மண்வெட்டியையும் மழையில் நனையாமல் வைக்க ஒரு தகரப் பெட்டி கேட்டார், அதையும் செய்தோம். சருகைக் கொளுத்துவது அதற்குப் பிறகு நின்றது. ஒரு மூலையில் குழி வெட்டி அதில் தள்ளி, எட்டு மாதத்தில் மக்கு எடுக்கிறார்.

இவ்வளவுக்கும் முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய காகித வேலை ஒன்று இருக்கிறது. அந்த இடம் காகிதத்தில் பூங்காதானா என்று பாருங்கள். தமிழ்நாட்டு விதிப்படி 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் அதைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், பணம் கட்டித் தப்பிக்க முடியாது. பத்திரம் பதிவாகாமல் கிடக்கும் இடங்களில்தான் முதலில் ஒரு கீற்றுக் கொட்டகை வரும், பிறகு அதில் சுவர் எழும்பும். பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை வேறு பயனுக்குத் திருப்பக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காக்க 1959 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டமும் வந்துவிட்டது. மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், வில்லங்கச் சான்று இரண்டையும் எடுத்து, நான்கு மூலையிலும் கல் நட்ட பிறகு மற்றதைப் பேசலாம்.

பணம்? அரசு நிதியில் கட்டுமானம் வரும், மாதாமாதம் ஆகும் சில்லறைச் செலவு வராது. “நமக்கு நாமே” திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். சேர்ந்து கொடுத்தால் வேலை நடக்கும் என்பதற்கு எங்களுக்கு ஊரிலேயே கன்னங்குறிச்சி மூக்கனேரி இருக்கிறது. 2010 வாக்கில் மக்கள் சேர்ந்து தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். ஆனால் வசூல் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே மூச்சில் பெரிய தொகை கேட்டால் கிடைக்கும். மாதம் 50 ரூபாய் கேட்டால்தான் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு அடுத்த வாரம் மொத்தமாக வாங்கிவிடுகிறோம். அதில் கொக்கி, கிரீஸ், குழாய் வாஷர், ஒரு லோடு மணல், மோட்டார் பழுது என்று தனியாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். வரவைவிடச் செலவை ஒட்டிய பிறகுதான் கொடுப்பவர்கள் கூடினார்கள்.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள். அன்று உங்கள் வார்டில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் பட்டியலோடு போங்கள். பதினான்கு பொருள் வேண்டாம், நான்கு போதும். பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரையும் கூடவே அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.