கடனும் கையெழுத்தும்: வாசகர் கேள்வி – பதில்

கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு, வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ‘கிரெடிட் யூனியன்’ ஒன்றில் கணக்கு வைத்திருக்கிறான். “பேங்க் இல்லப்பா, இதுல நானும் ஒரு முதலாளி” என்கிறான். நம் ஊரில் இதற்கு இணையாக எதைச் சொல்வது?
– வாசகர், திருநகர்

நம் சொசைட்டியைத்தான். அதிலும் ரொம்ப நெருக்கமானது பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். மில், ரயில்வே, பள்ளிக்கூடம் என்று ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து நடத்துவது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணம்தான் இன்னொரு உறுப்பினருக்குக் கடனாகப் போகிறது. பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். உங்கள் மகன் முதலாளி என்றது இந்த அர்த்தத்தில்.

அவரிடம் இதையும் சொல்லுங்கள். பாஸ்டனில் பெரிய கடை வைத்திருந்த எட்வர்ட் ஃபைலீன் என்பவர் 1907-ல் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே கிராமங்களில் நடந்துகொண்டிருந்த கடன் சங்கங்களைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி அதே வேலையாக நின்றார். 1909-ல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கிரெடிட் யூனியன் சட்டம் வந்ததில் அவர் பங்கு பெரிது. கனடாவில் அல்போன்ஸ் தேஜார்தேன் 1900-லேயே ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவர் துணையோடு 1908-ல் நியூ ஹாம்ப்ஷயரில் அமெரிக்காவின் முதல் யூனியன் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1934-ல், ரூஸ்வெல்ட் காலத்தில். ஆக, உங்கள் மகன் கணக்கு வைத்திருக்கும் இடத்துக்கு நம் ஊர்ச் சங்கமும் ஒரு வகையில் மூத்த பங்காளி.

நமக்கு இது ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே ரைபைசன் என்ற ஊர்த் தலைவர், 1846-47 பஞ்சத்தில் ஜனங்கள் மாவுக்கும் விதைக்கும் கடன்பட்டுச் சீரழிவதைப் பார்த்துத் தொடங்கிய முயற்சி, பிறகு கிராமக் கடன் சங்கமாக உருவெடுத்தது. சென்னை அரசாங்கம் ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி இதையெல்லாம் படித்துவரச் சொன்னது. 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். அத்தனை பக்கத்தின் சாரத்தையும் “ரைபைசனைக் கண்டுபிடியுங்கள்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் வளவளவென்று எழுதும் தணிக்கையாளர்களிடம் நான் இதைப் பலமுறை சொல்லிக்காட்டியிருக்கிறேன். (மனுஷர் பிற்பாடு மாகாணத்தின் மீன்வளத் துறையைக் கட்டியெழுப்பப் போனார். கடனை முடித்துக் கடலுக்குப் போனவர்.)

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஒரே ஊரில் பத்துப் பேர் சேர்ந்தால் போதும், சங்கம் பதியலாம். அந்த ஆகஸ்ட் 30-ல் திருவள்ளூர் பக்கம் திரூரில் முதல் கிராமச் சங்கம் பதிவானது. அதே ஆண்டு காஞ்சிபுரத்தில் நகரச் சங்கம். 1912 சட்டம் சங்கங்களே சேர்ந்து மேலே ஒரு வங்கி வைத்துக்கொள்ள வழி விட்டது. இன்று கிராமத்தில் தொடக்கச் சங்கம், மாவட்டத்தில் மத்தியக் கூட்டுறவு வங்கி, சென்னையில் தலைமை வங்கி என்று மூன்று அடுக்காக இருப்பது அப்படி வந்ததுதான்.

கேள்வி: எங்கள் தாத்தா சாகும்வரை சொசைட்டிப் படி ஏறவில்லை. “அங்க பெருவிரல வச்சா ஊருக் கடனெல்லாம் நம்ம தலையில விடியும்” என்பார். அப்படி ஒரு சட்டம் இருந்ததா, வெறும் பயமா?
– வாசகர், உசிலம்பட்டி

இருந்தது. 1904 சட்டப்படி கிராமச் சங்கம் என்றால் பொதுவாக வரம்பில்லாப் பொறுப்பு. சங்கம் நொடித்துப்போனால், கடனை ஒழுங்காகக் கட்டியவரின் நிலத்துக்கும் வீட்டுக்கும்கூடக் கை வைக்கலாம். ரைபைசன் இதை வேண்டுமென்றே வைத்தார். அடுத்தவன் கட்டாவிட்டால் நமக்கு வினை என்றால், ஆள் பார்த்துத்தான் உறுப்பினராகச் சேர்ப்போம், வாங்கின கடன் எங்கே போகிறது என்று கண் வைப்போம் என்பது அவர் கணக்கு. சொத்து இல்லாத ஊருக்கு வெளியிலிருந்து பணம் வரவேண்டுமானால் ஊரே ஜாமீன் நிற்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. பிற்பாடு வந்த சங்கங்களில் பொறுப்பு பங்குத் தொகையோடு நின்றுவிட்டது. இன்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் தாத்தா பயந்தது அது ஒன்றுக்காக மட்டும் இருக்காது என்பது என் எண்ணம். உங்கள் பக்கத்தில் பெருவிரலுக்கு வேறு ஒரு சரித்திரம் உண்டு. சில சாதிகளையே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தி விரல் ரேகை வாங்கிய வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை உங்கள் ஊரில் ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்களைச் சுட்டார்கள். அதன் பிறகு வந்த கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் பள்ளிக்கூடமும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்தே வந்தன. ரேகை எடுத்த அதே சர்க்கார்தான் “வா, இங்கேயும் ரேகை வை, கடன் தருகிறேன்” என்று கூப்பிட்டது. நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்திலிருந்து சொசைட்டியில் கணக்கு இருக்கிறது. வட்டிக்காரரிடமும் கணக்கு இருக்கிறது. இத்தனை வருஷத்தில் சொசைட்டி ஏன் வட்டிக்காரரை ஒழிக்கவில்லை?
– வாசகி, மேலூர்

நீங்கள் மேலூர் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நிக்கல்சனின் முதல் தொகுதி வந்த அதே 1895-ல்தான் பெரியாறு அணையும் திறந்தது. மானாவாரியாகக் கிடந்த பூமிக்குக் கால்வாய்த் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்தால் நெல். நெல் என்றால் உழவு, நாற்று, உரம், நடவுக் கூலி எல்லாம் முன்பணம். தண்ணீர் வந்த ஊருக்கெல்லாம் வட்டிக்காரரும் பின்னாலேயே வந்தார்.

சுதந்திரம் வந்தபின் 1951-52-ல் கோர்வாலா குழு நாடு முழுக்கக் கிராமக் கடனைக் கணக்கெடுத்தது. விவசாயி வாங்கும் கடனில் கூட்டுறவின் பங்கு வெறும் 3 சதவீதம். வட்டிக்காரர்கள் பங்கு 70 சதவீதம் அளவுக்கு. கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனாலும் அது ஜெயித்தே தீரவேண்டும் என்பது அந்தக் குழுவின் முடிவு. ஜெயிக்கவைக்க சர்க்கார் தானே பங்குதாரராக உள்ளே வந்தது. சங்கங்கள் பெருகின, ஒன்றோடொன்று இணைந்தன, கட்டடம் வந்தது, உரக் கிடங்கும் ரேஷன் கடையும் வந்தன. 1982-ல் விவசாயக் கடனுக்கான தேசிய வங்கி நபார்டு வந்தது. இன்று தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேல் தொடக்கச் சங்கங்கள். வளர்ச்சி என்று புள்ளிவிவரம் போடுபவர்கள் இதைப் போடலாம்.

என் மேஜையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் விவசாயிக்கு வட்டியே கிடையாது. அந்த வட்டியை அரசு ஏற்கிறது. ஒரு நாள் தவறினாலும் சலுகை போச்சு. அதனால் கெடு முடிகிற வாரத்தில் சங்கத்துக்கு முன்னால் டீக்கடையில் ஒருவர் கைப்பையோடு உட்கார்ந்திருப்பார். உறுப்பினர் அவரிடம் வாங்கி உள்ளே வந்து கட்டுவார். “அண்ணே, புதுக் கடன் எப்ப போடுவீக?” என்று கேட்டுக்கொண்டே நிற்பார். புதுக் கடன் கணக்கில் ஏறியதும் எடுத்துப்போய் டீக்கடையில் கொடுப்பார். இடைப்பட்ட சில நாளுக்கு வட்டி, நூற்றுக்கு இவ்வளவு என்று அங்கேயே பேசி முடிந்திருக்கும். எங்கள் பேரேட்டில் வசூல் நூற்றுக்கு நூறு, மேலிடத்திலிருந்து பாராட்டு. வட்டிக்காரரை ஒழிக்கவா? எங்கள் வசூலையே அவர்தானே நடத்திக் கொடுத்தார்.

ஏன் இப்படி? பயிர்க் கடனை அளப்பது ஏக்கரை வைத்து. இன்ன பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு, நிலம் யார் பெயரில், என்ன பயிர் என்று காட்டும் சிட்டா அடங்கல் கொண்டா, முடிந்தது. வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவோ காதுகுத்தோ வந்தால் அதற்குப் பத்தியே கிடையாது. குத்தகைக்கு உழுகிறவர் பெயரில் சிட்டா இல்லை, அவருக்குக் கடன் வாங்குவதே பெரும்பாடு. வட்டிக்காரர் ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் திறக்கிறார், ஒரு கையெழுத்தும் கேட்பதில்லை.

இந்த ஓட்டையை நகைக் கடன் ஓரளவு அடைத்தது. எங்கள் சங்கம் பிழைத்ததே அதில்தான். வைகாசிக் கல்யாணத்துக்கு மீட்ட சங்கிலி, பள்ளிக்கூடம் திறந்ததும் திரும்ப வரும். எடை போடுமுன்பே இது யார் வீட்டுச் சங்கிலி என்று எனக்குத் தெரியும், கொக்கி வளைவைப் பார்த்தே. ஆனால் நகையை வைத்துக் கடன் கொடுக்க ஆளைத் தெரிந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை, தராசும் உரைகல்லும் போதும். ஊர்க்காரர் ஒருவரையொருவர் அறிவதுதான் சங்கத்தின் மூலதனம் என்று ரைபைசன் சொன்னது அங்கேயே கழன்றுவிட்டது.

தள்ளுபடி பற்றியும் நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். 2006, 2016, 2021 என்று மூன்று பெரிய பயிர்க் கடன் தள்ளுபடிகள். 2021-ல் மட்டும் அறிவித்த தொகை 12,110 கோடி ரூபாய். மழை பொய்த்த வருஷத்தில் அதனால் பிழைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆனால் முந்தின மாதம் தோட்டை அடகுவைத்துக் கடனைக் கட்டிய அம்மா ஒருவர் வந்து, “நேரத்துக்குக் கட்டுனது தப்பாய்யா?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சர்க்கார் பணம் என்றால் கேட்பாரில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சேமிப்பு என்றால் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் கூச்சம் இருக்கும். சொந்தச் சேமிப்பைப் பெரிதாகத் திரட்டிய சங்கங்களே நிமிர்ந்து நிற்கின்றன. மேலிருந்து வரும் பணத்தைக் கீழே பட்டுவாடா செய்வதோடு நின்ற சங்கங்களுக்கு, என் கணக்கில், அலுவலகம் என்றே பெயர்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் தேர்தலே இல்லை. பேரவைக் கூட்டத்துக்குப் போய் என்ன பிரயோஜனம்?
– வாசகர், திருமங்கலம்

2013-லும் 2018-லும் தேர்தல் நடந்தது. 2018-ல் வந்த குழுக்களின் 5 ஆண்டு முடிந்ததும் அரசு நியமித்த செயலாட்சியர்கள் வந்தார்கள். அதற்காகக் கூட்டத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். வரவு செலவு அறிக்கையை வாங்கிக்கொண்டு, தவணை தவறிய கடன் எவ்வளவு என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டுவிட்டு, காரச்சேவுப் பொட்டலத்தோடு போய்விடுகிறார்கள்.

கேள்வி: களஞ்சியக் குழுவும் கூட்டுறவுச் சங்கம்தானா?
– வாசகி, அழகர்கோவில்

சட்டப்படி வேறு. குணத்தில் எங்களைவிட ரைபைசனுக்கு நெருக்கம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வளர்த்தது. பெண்கள் முதலில் சேமிப்பார்கள், அதற்குப் பிறகுதான் கடன். யாருக்கு எதற்குக் கொடுப்பது என்பதைக் குழுவே உட்கார்ந்து பேசும். காதுகுத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கே பத்தி உண்டு. உங்கள் பக்கத்துப் புல்லுச்சேரி களஞ்சியத் தலைவி சின்னப்பிள்ளை அம்மாவைச் சொல்லவேண்டுமா? பிரதமராக இருந்த வாஜ்பாய் தொட்டு வணங்கியது அவர் காலைத்தான். 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். களை எடுக்க ஆள் கூட்டிப் போன கொத்துத் தலைவிக்கு, யார் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்ததில் அதிசயம் என்ன?

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். கையில் 8 லட்சம் இருக்கிறது. ஊர் சொசைட்டியில் போடலாமா? வட்டி கூடுதலாகத் தருகிறார்கள்.
– வாசகி, சோழவந்தான்

மொத்தத்தையும் ஒரே இடத்தில் போடாதீர்கள் அம்மா. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றில் உள்ள வைப்புத் தொகைக்கு மற்ற வங்கிகளைப் போலவே வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. தொடக்கச் சங்கங்களும் சிக்கன நாணயச் சங்கங்களும் அந்தக் காப்பீட்டுக்குள் வராது. கூடுதல் வட்டி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

ஊர்ச் சங்கத்துக்கும் கொஞ்சம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதற்குமுன் நேரில் போய், கடைசித் தணிக்கை எந்த வருஷத்தோடு முடிந்திருக்கிறது, தணிக்கையில் எந்த வகுப்புக் கிடைத்தது என்று செயலாளரிடம் கேளுங்கள். ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு உண்டு. தயங்காமல் சொல்லி, நோட்டையும் எடுத்துக் காட்டினால் ஒரு லட்சம் போடலாம். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு டீச்சர், காப்பி சாப்பிடுறீங்களா?” என்றால், காப்பியை மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.