இருட்டுவதற்குள் நில்லுங்கள்: பைக் பயணக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான்: தனியாகப் போகிறேன், எவனாவது வழிமறித்தால் என்ன செய்வது? மீதியில் பெரும்பகுதி எந்த பைக் வாங்கலாம் என்று கேட்கிறது. காகிதங்களைப் பற்றிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. எல்லையில் பைக்கைப் பிடித்து வைப்பது கொள்ளைக்காரன் இல்லை, சுங்க அதிகாரி. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: உலகம் இருக்கிற நிலைமையில் இப்போது பைக்கில் தனியாக வெளிநாடு போகலாமா?

எந்த நாடு, எந்த வழி, எந்த மாதம்? மூன்றையும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். ‘வெளிநாடு’ என்று ஒரே ஒரு இடம் இல்லை. ஒரே நாட்டில் எல்லையோரப் பட்டை சிவப்பாகவும், மற்றப் பகுதி சாதாரணமாகவும் இருக்கும். இரண்டு மூன்று நாட்டு அரசுகளின் பயண எச்சரிக்கைகளை எடுத்து வரைபடத்தோடு சேர்த்துப் படியுங்கள். நிறத்தை மட்டும் பார்க்காமல் காரணத்தையும் பாருங்கள். பிக்பாக்கெட் என்றால் ஒரு கணக்கு, ஆள் கடத்தல் என்றால் வேறு கணக்கு, போர் என்றால் கணக்கே இல்லை. 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு மியான்மரைக் குறுக்கே கடந்து தாய்லாந்து போகிற கனவைத் தூக்கி வையுங்கள். பைக்கை விமானத்திலோ கப்பலிலோ அனுப்புங்கள்.

கேள்வி: ஈரான் வழியாக ஐரோப்பா போக ஆசை. பழைய பயணிகள் எல்லோரும் அந்த மக்களின் விருந்தோம்பலைப் புகழ்கிறார்களே?

மக்கள் நல்லவர்கள்தான், சந்தேகமே இல்லை. உங்களைப் பிடித்து வைப்பது மக்கள் இல்லையே. 2025 ஜனவரியில் பைக்கில் உலகம் சுற்றக் கிளம்பிய ஒரு பிரிட்டன் தம்பதி அங்கே கைதானார்கள்; சுமத்தப்பட்டது உளவுக் குற்றம். அதே ஆண்டு ஜூனில் போரும் வந்தது. வெளிநாட்டு பேங்க் கார்டும் அங்கே வேலை செய்யாது. இப்போதைக்கு வேண்டாம்.

மாற்று வழி கேட்பீர்கள், தெரியும். கஸகஸ்தான், ரஷ்யா, ஜார்ஜியா என்று காஸ்பியன் கடலுக்கு வடக்கே சுற்றுகிறவர்கள் உண்டு. ரஷ்யாவில் வெளிநாட்டு பேங்க் கொடுத்த ‘விசா’ கார்டும் மாஸ்டர்கார்டும் 2022 மார்ச்சிலிருந்து செல்லாது. கையில் ரொக்கம் வேண்டும். கப்பலில் காஸ்பியனைத் தாண்டி அஜர்பைஜானில் இறங்கலாம் என்று நினைத்தால், அந்த நாடு கொரோனாவுக்காக 2020-ல் மூடிய தரை, கடல் எல்லைகளைத் திறக்காமல் வருடக்கணக்கில் கெடுவை நீட்டிக்கொண்டே வந்தது. கிளம்பும் வாரத்தில் நிலவரம் பார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: 45 நாள் லீவு கிடைத்திருக்கிறது. 15,000 கிலோமீட்டர் திட்டம் போட்டிருக்கிறேன், தஜிகிஸ்தான் மலைகள் வழியாகப் போகிற பாமிர் நெடுஞ்சாலையும் சேர்த்து. கொள்ளைக்காரர்களிடமிருந்து தப்ப என்ன ஆயுதம் வைத்துக்கொள்ளலாம்?

ஆயுதம் எதுவும் வேண்டாம். பெப்பர் ஸ்பிரேகூடப் பல நாடுகளில் உங்களைத்தான் உள்ளே தள்ளும்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கடிதம் வராத மாதம் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 15,000-ஐ 45-ஆல் வகுத்தால் நாளைக்கு 330 சொச்சம். பரவாயில்லையே என்று தோன்றும். அதில் எல்லைகளுக்கு நாலைந்து நாளைக் கழியுங்கள். வயிற்றுப்போக்குக்கு இரண்டு நாள், மழைக்கும் பஞ்சருக்கும் இரண்டு, ஸ்பேர் பார்ட்ஸ் வரும்வரை காத்திருக்க ஒன்றிரண்டு, உடம்பு கேட்கும் ஓய்வு நாலு. மிஞ்சுவது 30 நாள் சொச்சம். நாளைக்கு 450-க்கு மேல் ஓட்டியாக வேண்டும். பாமிரில் நல்ல நாளிலேயே 200 ஓட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும்; அக்பைத்தல் கணவாய் 4,655 மீட்டர், மூச்சு வாங்கும். விட்டதை எங்கே பிடிப்பீர்கள்? ராத்திரியில்தான். எனக்குப் பயம் அங்கேதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்கு ஏறக்குறைய 12 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள். அதில் பாதிக்கு மேல் நடந்து போகிறவர்கள், சைக்கிள்காரர்கள், பைக்காரர்கள். வழிப்பறிக்குப் பயந்து பணத்தை ஷூவுக்குள் ஒளித்து வைக்கிற ஆள், அதே ஷூவோடு நடுராத்திரி தெரியாத ஊர் ரோட்டில் 80-ல் போகிறான்.

80 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். எதிரே ஏதோ நிற்கிறது என்று மூளைக்கு உறைத்து, விரல் பிரேக்கைத் தொட ஒன்றரை விநாடி: 33 மீட்டர் போய்விட்டது. காய்ந்த நல்ல ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 35. ஆக 70 மீட்டர். உங்கள் பைக்கின் லோ பீம் 50 மீட்டர் காட்டினால் பெரிய விஷயம். பின் விளக்கு இல்லாமல் நிறுத்திய லாரியோ, தார் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடோ அந்த இடைவெளியில் இருந்தால், பிரேக் பிடிக்கும்போதே நீங்கள் அதன்மேல் இருப்பீர்கள். ஹை பீம் போடுவேன் என்பீர்கள். எதிரே வருகிறவனும் போடுவான்.

என் விதி இதுதான்: சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே தங்க இடம் தேடத் தொடங்குங்கள். இன்னும் 60 கிலோமீட்டர்தான் என்று இழுக்காதீர்கள். நாலு நாளைக்கு ஒரு நாள் பைக்கைத் தொடாதீர்கள். 45 நாளுக்கு 8,000 கிலோமீட்டரே தாராளம். அதுவும் முடியவில்லை என்றால் ஒரு முனையில் வாடகை பைக் எடுத்து ஓட்டிவிட்டுத் திரும்புங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். திரும்பும் தேதி கல்லில் பொறித்த மாதிரி இருக்கிற ஆள்தான் இருட்டில் ஓட்டுகிறான்.

கேள்வி: அடுத்த வாரம் கிளம்புகிறேன். என்னென்ன டாக்குமெண்ட் வேண்டும், முழு விவரமும் உடனே அனுப்பவும். அவசரம்.

எந்த நாட்டுக்கு என்று சொல்லவே இல்லை. அடுத்த வாரம் கிளம்பாதீர்கள். அதுதான் முழு விவரம்.

கேள்வி: கார்னெட் இல்லாமல் சமாளிக்க முடியாதா? டெபாசிட் கண்ணைக் கட்டுகிறது.

கார்னெட் என்பது பைக்கைத் திரும்பக் கொண்டுபோய்விடுவீர்கள் என்பதற்கான சுங்கச் சீட்டுப் புத்தகம். அது வேண்டுமா என்பது வழியைப் பொறுத்தது. ஐரோப்பா, தென் அமெரிக்கா, மத்திய ஆசியாவில் பெரும்பாலும் தேவையில்லை. எல்லையில் தற்காலிக இறக்குமதிச் சீட்டு கொடுப்பார்கள். பாகிஸ்தான், ஈரான், எகிப்து, ஆப்பிரிக்காவின் பல நாடுகள் கேட்கும். டெபாசிட் உங்கள் பணம்தான், திரும்பி வரும். வராமல் போவது உங்கள் கவனக்குறைவால். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று துண்டு இருக்கும். நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்று, மேல் துண்டு இரண்டு முத்திரையோடு உங்களிடமே நிற்கும். வெளியேறும் முத்திரை இல்லாவிட்டால் பைக்கை அந்த நாட்டில் விற்றுவிட்டதாகக் கணக்கு. வரியைக் கட்டச் சொல்வார்கள். அதிகாரி டீ குடிக்கப் போயிருந்தால் வரும்வரை காத்திருங்கள். அதோடு, கார்னெட் கைக்கு வந்ததும் சேஸிஸ் எண்ணை பைக்கின் மேல் பொறித்ததோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 0-வும் ஓ-வும் இடம் மாறினால் போதும், அன்றைக்குப் பூராவும் எல்லையில்தான்.

கேள்வி: ட்ராவல் இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டேன், எல்லாம் கவர் ஆகும் என்று ஏஜெண்ட் சொன்னார். அப்புறம் என்ன கவலை?

ஏஜெண்ட் சொன்னதை விடுங்கள், பாலிசியைப் படியுங்கள். நிறைய பாலிசிகளில் 125 சிசிக்கு மேல் போனால் கவர் கிடையாது. உங்கள் அரசு போகாதே என்று சொன்ன பகுதிக்குள் நுழைந்தாலும் கிடையாது. அந்த நாட்டில் செல்லுபடியாகும் பைக் லைசென்ஸ் இல்லாவிட்டால், ஹெல்மெட் போடாவிட்டால், ஒரு பெக் உள்ளே போயிருந்தால், கிடையவே கிடையாது. ஆளை ஹெலிகாப்டரில் தூக்கி வருவதும் வீட்டுக்கு அனுப்புவதும் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பெரிய செலவு அதுதான்.

சர்வதேச லைசென்ஸிலும் இதே கவனக்குறைவு. 1949 சர்வதேசச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி ஒன்று, 1968 ஒப்பந்தப்படி இன்னொன்று. ஜப்பான் ஏற்பது முதலாவது, வியட்நாம் ஏற்பது இரண்டாவது. சீனா இரண்டையும் ஏற்காது. அங்கே சொந்த பைக் கொண்டுபோக வழிகாட்டி, தற்காலிக லைசென்ஸ், தற்காலிக நம்பர் பிளேட் எல்லாம் வேண்டும். பைக்குக்கான கட்டத்தில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள்.

கேள்வி: நான் பெண். தனியாகப் போகிறேன் என்றால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமா?

கொஞ்சம் நியாயம், கொஞ்சம் பழக்கம். பிரான்ஸின் அன்-பிரான்ஸ் டோத்வில் 1973-லேயே சின்னக் கவாஸாகியில் தனியாக உலகம் சுற்றினார். எல்ஸ்பெத் பியர்ட் 1982-ல் பழைய பிஎம்டபிள்யூ ஆர்60/6-ல் லண்டனிலிருந்து கிளம்பினார். கைபேசி இல்லாத காலம் அது. வீட்டாரிடம் வாதாடாமல் திட்டத்தைக் காட்டுங்கள்: தினமும் இந்த நேரத்துக்குள் ஒரு தகவல், வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, அப்புறம் யாரைக் கூப்பிடுவது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பயம் குறையும். தங்கும் இடத்தில் பைக்கைத் தெருவில் விடாதீர்கள்; முற்றமோ பூட்டிய கேட்டோ இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள் என்பது உங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

கேள்வி: போகிற இடமெல்லாம் லைவ் போடலாமா?

இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். நீங்கள் தனியாக எங்கே கூடாரம் போட்டிருக்கிறீர்கள் என்பது ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: சிக்னல் இல்லாத இடத்துக்கு சாட்டிலைட் கருவி அவசியமா?

தனி ஆளுக்கு அவசியம். ஆனால் எல்லா நாட்டுக்குள்ளும் கொண்டுபோக முடியாது. இந்தியாவில் அனுமதியில்லாத சாட்டிலைட் போன் குற்றம். சின்ன மெசேஜ் கருவி வைத்திருந்த வெளிநாட்டவர்களே விமான நிலையத்தில் மாட்டியிருக்கிறார்கள். மாத்திரைக்கும் இதேதான்: எகிப்தில் ட்ரமடால் என்கிற வலி மாத்திரை, ஜப்பானில் சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரை சிக்கலில் கொண்டுபோய் விடும். டாக்டர் சீட்டு இருந்தாலும் முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: 1200 சிசி அட்வெஞ்சர் பைக் வாங்கப்போகிறேன். என் உயரத்துக்குச் சரியா?

உயரத்தை விடுங்கள். ஷோரூமில் உட்கார்ந்து பார்ப்பது சோதனையே இல்லை. பெட்டி எல்லாம் மாட்டி, டேங்க் நிரப்பி, புல்தரையில் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எஞ்சினை அணைத்து கியரில் விடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை முதலிலேயே இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். இடுப்பை சீட்டுக்கு ஒட்டி, முதுகை பைக்குக்குக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின் கம்பியில். முதுகை வளைக்காமல் காலால் தள்ளிப் பின்பக்கமாகச் சின்ன அடி வைத்து நடங்கள். இரண்டு முறை தூக்க முடிந்தால் வாங்குங்கள். மூன்றாம் முறை யாரையாவது கூப்பிடத் தோன்றுகிறதென்றால், ஆளில்லாத இடத்தில் யார் வருவார்? 300, 400 சிசி போதும். தனியாகப் போகிறவனுக்கு எடைதான் எதிரி.

கேள்வி: நாய் துரத்தினால்?

உதைக்காதீர்கள், விழுவீர்கள். கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள், அது குறி வைத்த இடம் தவறும். கிட்டே வந்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்குங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஊசி. முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தாலும் போக வேண்டும்.

கேள்வி: அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்முனையில் இருக்கும் உஷுவாயா வரை ஒரே ரோடுதானே? பனாமா பக்கம் மேப் ஏன் வழி காட்ட மறுக்கிறது?

ரோடு இல்லை, அதனால். டாரியன் இடைவெளி: பனாமாவின் யாவிஸாவில் ரோடு முடிகிறது, கொலம்பியாவில் திரும்பத் தொடங்குகிறது. நடுவே 100 கிலோமீட்டர் சொச்சம் காடும் சதுப்பும்; கடத்தல் கும்பல்களும் அங்கேதான். அதைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று எனக்கு எழுதாதீர்கள். பனாமா சிட்டியிலிருந்து பொகோட்டாவுக்கு பைக்கை விமானத்தில் அனுப்பலாம், இல்லாவிட்டால் பனாமாவின் கோலோன் துறைமுகத்திலிருந்து கொலம்பியாவின் கார்டஹேனாவுக்குக் கன்டெய்னரில். கன்டெய்னர் என்றால் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துச் செலவைப் பங்கு போடுங்கள். கிளம்புகிற தேதியை நம்பி அந்தப் பக்கம் ஹோட்டலுக்கு முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.