பில்லிங் டேட்டாபேஸ் 10 ஜி.பி.யைத் தொட்டுவிட்டது, பழைய பில்களை அழிக்கலாமா?

கேள்வி: திருச்சியில் ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரம் செய்கிறோம். பார்ட்னர்ஷிப் நிறுவனம். கடை, குடோன் இரண்டிலும் சேர்த்து ஏழு கணினிகளில் பில்லிங் ஓடுகிறது. 2016-இல் தொடங்கிய அதே டேட்டாபேஸ்தான் இன்றுவரை. போன வாரம் பில் சேவ் ஆகாமல், ‘பிரைமரி ஃபைல்குரூப் ஈஸ் ஃபுல்’ என்று வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் 300 ஜி.பி. காலியாகத்தான் இருக்கிறது. சாஃப்ட்வேர் போட்டுத் தந்தவர் எதையோ அழித்து ஓட வைத்திருக்கிறார். 2020-க்கு முந்தைய பில்களை டெலிட் செய்துவிடலாம் என்கிறார். ஆடிட்டர் கூடாது என்கிறார். கிளவுடுக்கு மாறிவிடலாம் என்கிறான் மகன். எங்களிடம் இருப்பது எஸ்க்யூஎல் சர்வர் 2014 எக்ஸ்பிரஸ். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு ஆடிட்டர் சொல்வதைக் கேளுங்கள். பழைய பில்களை யாரும் தொட வேண்டாம்.

டிஸ்க்கில் இடம் இருந்தும் ஏன் நிரம்பியது என்றால், எக்ஸ்பிரஸ் என்பது மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பதிப்பு. 2008 ஆர்2 தொடங்கி 2022 வரை வந்த எக்ஸ்பிரஸ் எல்லாவற்றிலும் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி.தான் உச்சவரம்பு. மாற்றங்களைக் குறித்து வைக்கும் லாக் ஃபைல் இந்தக் கணக்கில் வராது, டேட்டா ஃபைல் மட்டும்தான். வரம்பைத் தொட்டதும் பழையதைப் பார்க்கலாம், ரிப்போர்ட் எடுக்கலாம், புதிதாக ஒரு வரி எழுத முடியாது. உங்களுக்கு நடந்தது அதுதான்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று: முழு பேக்கப் எடுத்து, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டு, அதைக் கழற்றித் தனியாக வையுங்கள். அதற்கு முன் வேறு எதையும் யாரும் அழிக்கக் கூடாது. அப்புறம் சாஃப்ட்வேர்காரரிடம் ‘போன வாரம் எந்த டேபிளில் (டேட்டாபேஸுக்குள் இருக்கும் பட்டியலில்) இருந்து அழித்தீர்கள்’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்படி அவசரத்துக்கு இடம் பிடிப்பவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் எடிட் லாக் டேபிளில்தான். பில்லை யார் எப்போது திருத்தினார், எதை நீக்கினார் என்பது அதில்தான் இருக்கும். கணக்கைக் கணினியில் வைத்திருந்தால், திருத்திய அல்லது நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் லாக் இருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 56(8). அவர் அழித்தது அந்த டேபிள் என்றால், பழைய பேக்கப் ஏதாவது ஒன்றில் இருந்து அதை மீட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இடத்தை எது சாப்பிடுகிறது என்று பார்க்க வேண்டும். ஊகிக்க வேண்டியதில்லை. எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் உங்கள் டேட்டாபேஸின் மேல் ரைட் கிளிக் செய்து, ரிப்போர்ட்ஸ், ஸ்டாண்டர்ட் ரிப்போர்ட்ஸ், ‘டிஸ்க் யூசேஜ் பை டாப் டேபிள்ஸ்’ என்று போனால், டேபிள் வாரியாக எத்தனை வரி, டேட்டா எவ்வளவு, இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) எவ்வளவு என்று வரும். பில் வரிகள்தான் முதலிடத்தில் இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒரு பில் வரியில் இருப்பது அயிட்டம் நம்பர், அளவு, விலை, ஜி.எஸ்.டி. என்று சில நூறு பைட்டுகள்தான். லட்சக்கணக்கில் இருந்தாலும் அது அவ்வளவாகப் பெருத்துவிடாது.

பெருப்பவை வேறு. பொருளின் படங்கள், ஸ்கேன் செய்த பர்ச்சேஸ் பில்கள், எஸ்.எம்.எஸ். லாக், அப்புறம் இ-இன்வாய்ஸ். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். நீங்களும் அந்த வரம்புக்குள் வருகிறீர்கள் என்றால் இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டல் திருப்பி அனுப்புவதில் ஐ.ஆர்.என். என்ற இன்வாய்ஸ் பதிவு எண் 64 எழுத்துதான். கூடவே கையொப்பமிட்ட முழு இன்வாய்ஸும் க்யூஆர் கோடுக்கான தகவலும் நீண்ட எழுத்துச் சரமாக வரும். பல பில்லிங் சாஃப்ட்வேர்கள் இதை அப்படியே ‘என்வார்சார்’ வகை டேபிள் பத்தியில் (காலம்) கொட்டிவைக்கின்றன. அந்த வகைப் பத்தியில் ஒரு எழுத்துக்கு இரண்டு பைட். இந்தச் சரத்தில் இருப்பதெல்லாம் வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான், ஒரு பைட்டே போதும். இது ஒன்றை மாற்றினாலே அந்த டேபிள் பாதியாகக் குறையும். சில இடங்களில் போர்ட்டலுக்கு அனுப்பியது, வந்தது என்று இரண்டு பிரதிகள் வேறு கிடக்கும்.

படங்களையும் ஸ்கேன்களையும் டேட்டாபேஸுக்கு வெளியே ஃபோல்டரில் வைத்து, ஃபைல் பெயரை மட்டும் டேபிளில் வைத்தால் போதும். ஆனால் அந்த ஃபோல்டரும் பேக்கப்பில் சேர வேண்டும். இதை மறந்துவிடுபவர்கள் அதிகம்.

யாராவது ‘ஷ்ரிங்க்’ (ஃபைலின் அளவைச் சுருக்குவது) போடலாம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே வரிகளை நீக்கினால் ஃபைலின் அளவு குறையாது, ஆனால் காலியான இடத்தைப் புது பில்கள் எடுத்துக்கொள்ளும். அதுவே நமக்குப் போதும். ஷ்ரிங்க் செய்தால் இண்டெக்ஸ் எல்லாம் சிதறி, பில் தேடுவது மந்தமாகும். ஆட்டோ ஷ்ரிங்க் ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள்.

உங்கள் 2014 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2024 ஜூலை 9-ஆம் தேதியே முடிந்துவிட்டது. வழக்கமான பாதுகாப்புப் பேட்ச்கள் இனி வராது. 2025 பதிப்பின் எக்ஸ்பிரஸ் இப்போதும் இலவசம்தான், அதில் ஒரு டேட்டாபேஸுக்கு 50 ஜி.பி. வரை இடம் உண்டு. உங்கள் அவசரத்துக்கு இதுதான் நேரான வழி. புது கணினியில் 2025-ஐ ஏற்றி, பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, கம்பாட்டிபிலிட்டி லெவலை (எந்தப் பதிப்பைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்ற செட்டிங்) மட்டும் பழையபடி 120-இல் வைத்து, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். புதியதில் ஏற்றிய டேட்டாபேஸைத் திரும்பப் பழைய பதிப்புக்குக் கொண்டுவர முடியாது என்பதால் பழைய சர்வரை அதுவரை கலைக்காதீர்கள். விண்டோஸ் 7 கணினியில் இது ஏறாது. பேஜ் கம்ப்ரஷன் என்ற வசதியும் எக்ஸ்பிரஸில் 2016 சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகுதான் வந்தது. பெரிய பில் டேபிள்களுக்கு அதைப் போட்டால் நன்றாகச் சுருங்கும். இ-இன்வாய்ஸ் சரம் மாதிரி மிக நீளமானவற்றை அது தொடாது.

50 ஜி.பி. கிடைத்துவிட்டதே, இனி பழையதை ஒதுக்க வேண்டாமே என்று விட்டுவிடாதீர்கள். எக்ஸ்பிரஸ் டேட்டாவுக்காக எடுத்துக்கொள்ளும் மெமரி 1,410 எம்.பி.தான், நான்கு பிராசஸர் கோர்களுக்கு மேல் பயன்படுத்தாது. டேட்டா வளர வளர ரிப்போர்ட் இழுக்கும். தினசரி பேக்கப்பும் ரீஸ்டோரும் நேரம் எடுக்கும். ஆக, முதலில் மூச்சு விட இடம் பிடித்துவிட்டு, பழையதைத் தனியே எடுத்து வைக்கும் ஆர்க்கைவ் வேலையை நிதானமாகத் தொடங்குங்கள்.

எதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளில் இருந்து 72 மாதம் என்கிறது. 2023-24 கணக்குக்கு அந்தக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அப்படியென்றால் 2030 டிசம்பர் 31 வரை. அப்பீலோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரை அந்த விவகாரத்துக்கான கணக்கு இருக்க வேண்டும், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. நீங்கள் பார்ட்னர்ஷிப் என்பதால் கம்பெனிச் சட்டம் உங்களைக் கட்டாது. நாளை பிரைவேட் லிமிடெட் ஆக்கினால் எட்டு நிதியாண்டுகள், நிறுத்த முடியாத எடிட் லாக், இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் எல்லாம் சேர்ந்து வரும். இப்போதே அப்படிப் பழகிக்கொள்வது நல்லது என்பேன்.

ஆர்க்கைவுக்கு அதே சர்வரில் இரண்டாவது டேட்டாபேஸ் ஒன்று உருவாக்குங்கள். வரம்பு ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி. முடிந்த ஆண்டுகளின் பில், பில் வரி, ரசீது, இ-இன்வாய்ஸ் எல்லாம் அங்கே போகும். இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பல பில்லிங் சாஃப்ட்வேர்கள் ஸ்டாக்கைத் தனியாக எழுதி வைப்பதில்லை. முதல் நாளில் இருந்து வாங்கியது எல்லாவற்றையும் கூட்டி, விற்றது எல்லாவற்றையும் கழித்துத்தான் இன்றைய ஸ்டாக்கைக் காட்டுகின்றன. வாடிக்கையாளர் பாக்கியும் அப்படித்தான். 2018-இன் பர்ச்சேஸ் பில்களையும் ரசீதுகளையும் எடுத்துவிட்டால் பிரேக் ஷூ ஸ்டாக் மைனஸில் போகும், 2018-இல் பணம் கட்டி முடித்தவர் பெயரில் பாக்கி நிற்கும். ஆகவே எடுக்கும் ஆண்டின் மார்ச் 31 நிலவரப்படி ஒவ்வொரு அயிட்டத்துக்கும் ஓப்பனிங் ஸ்டாக், ஒவ்வொரு லெட்ஜருக்கும் ஓப்பனிங் பேலன்ஸ் போட்ட பிறகுதான் வரிகளை நகர்த்த வேண்டும். தீராத பில்கள், வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் பேட்டரி பில்கள், வழக்கில் உள்ளவை எல்லாம் எந்த ஆண்டானாலும் தினமும் பில் போடும் லைவ் டேட்டாபேஸிலேயே இருக்கட்டும்.

அயிட்டம் மாஸ்டர், கஸ்டமர் மாஸ்டர், வரி விகிதங்கள் ஆகியவற்றின் அப்போதைய பிரதியும் ஆர்க்கைவுக்குப் போக வேண்டும். நாளை ஒரு பார்ட்டின் பெயரையோ ஹெச்.எஸ்.என். (பொருள் வகை) எண்ணையோ மாற்றுவீர்கள். பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் அன்றிருந்தபடியே வர வேண்டும்.

நகர்த்திய பிறகு, மாதவாரியாகப் பில் எண்ணிக்கை, வரிக்கு உட்பட்ட தொகை, வரி மூன்றையும் ஆர்க்கைவில் எடுத்து, அன்று தாக்கல் செய்த விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-1 உடன் ஒப்பிடுங்கள். பொருந்தினால் மட்டும் லைவில் இருந்து நீக்குங்கள். நீக்குவதும் கடை மூடிய பிறகு, தடவைக்கு 4,000 வரிகள் மாதிரி சிறு சிறு பகுதியாக. ஒரே கட்டளையில் சுமார் 5,000 பூட்டுகளை (அதே டேட்டாவை மற்றவர் மாற்றாமல் சர்வர் போடும் தடைகள்) தாண்டினால் சர்வர் முழு டேபிளையும் பூட்டிக்கொள்ளப் பார்க்கும், லாக் ஃபைலும் ஊதிவிடும். எல்லாம் முடிந்ததும் ஆர்க்கைவை ‘ரீட் ஒன்லி’ ஆக்கிவிடுங்கள். அதன் பிறகு அதில் எதுவும் மாறாது, தினமும் பேக்கப் எடுக்கவும் தேவையில்லை.

இனி பேக்கப். எக்ஸ்பிரஸில் வேலைகளை நேரம் வைத்துத் தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, அதனால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக இரவு பேக்கப் எடுக்க வைக்க வேண்டும். அது உண்மையில் ஓடுகிறதா என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கும் ஏற்பாடுகள் பல இருந்தன. தினசரி பேக்கப்போ பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலவரத்தின் பிரதி) காப்பாற்றியது. கணினியே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இது நடந்தது, அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள்.

அதனால் மாதம் ஒரு நாள், வேறொரு லேப்டாப்பில் முந்தைய இரவின் பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பர் சரியா, அந்த மாத விற்பனை கடையில் காட்டுவதோடு பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள். சர்வர் படுத்தால் கடை அவ்வளவு நேரம் நிற்கும்.

பேக்கப் சர்வரின் டி டிரைவில் மட்டும் இருந்தால் அது பேக்கப்பே அல்ல. டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் டேட்டா ஃபைலையும் அதையும், இணைத்து வைத்திருக்கும் பென் டிரைவையும் சேர்த்தே பூட்டும். இரண்டு வெளி டிஸ்க்குகளை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று எப்போதும் கழற்றிய நிலையில், கடைக்கு வெளியே இருக்கட்டும். எக்ஸ்பிரஸ் பேக்கப்பை என்கிரிப்ட் செய்யாது, ஆகவே கிளவுடுக்கு அனுப்புவதை 7-ஜிப்பில் பாஸ்வேர்ட் போட்டு அனுப்புங்கள். அந்த பாஸ்வேர்ட் காகிதத்தில் இரண்டு பார்ட்னர்களிடமும் இருக்க வேண்டும்.

பாதுகாப்பில் உங்கள் மாதிரிக் கடைகளில் ஓட்டை பெரும்பாலும் மூன்று இடங்களில்தான். ஏழு கணினியும் ‘எஸ்ஏ’ என்ற முழு அதிகார லாகினில் ஓடுவது முதலாவது. அதன் பாஸ்வேர்ட் சாஃப்ட்வேரின் கான்ஃபிக் ஃபைலில் திறந்து கிடக்கும். பில் போடத் தேவையான உரிமை மட்டும் உள்ள வேறு லாகின் கேளுங்கள். குடோனில் இருந்து இணைப்பதற்காக ரவுட்டரில் 1433 (டேட்டாபேஸ்), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) போர்ட்களைத் திறந்து விடுவது இரண்டாவது. இதை மூடிவிட்டு வி.பி.என். (பாதுகாப்பான தனி இணைப்பு) போடுங்கள். 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற வார்ம் (தானாகப் பரவும் வைரஸ்), பேட்ச் வந்து ஆறு மாதமாகியும் போடாத எஸ்க்யூஎல் சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடத்தில் பிடித்தது. திறந்த போர்ட்டும் பழைய பதிப்பும் சேர்ந்தால் அதுதான் நடக்கும். மூன்றாவது, சர்வீஸ்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வர வைத்திருக்கும் ரிமோட் பாஸ்வேர்ட். வேலை இருக்கும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் மாற்றுங்கள். வேலையை விட்டுப் போன ஊழியரின் லாகினை அன்றே மூடுங்கள். தாக்குதல் நடந்தால் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு.

மகன் சொல்லும் கிளவுட் தவறான யோசனை இல்லை. இரண்டு இடமும் ஒரே டேட்டாவைப் பார்க்க வேண்டிய உங்களுக்கு அது பொருந்தக்கூடியதே. ஆனால் குப்பையோடு அப்படியே ஏற்றினால் மாதா மாதம் அதற்கும் வாடகை கட்டுவீர்கள், ‘எஸ்ஏ’ பாஸ்வேர்டும் கூடவே போகும். முதலில் 2025-க்கு மாறி, அடுத்த மார்ச் முடிவில் ஆர்க்கைவை முடித்துவிட்டு, மிச்சம் இருக்கும் லைவ் டேட்டாவின் அளவை வைத்துக்கொண்டு கொட்டேஷன் கேளுங்கள். கேட்கும்போதே பேக்கப் யார் பொறுப்பு, விலகும்போது முழு டேட்டாவும் எந்த வடிவத்தில் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.